சந்தோஷின் கடைசிக் கிண்ணங்கள்

என் தம்பி சந்தோஷ்குமார் கோப்பை செய்வான், கிண்ணம் செய்வான், தட்டு செய்வான். பானை செய்ய மாட்டான். இந்த ஒரு விஷயத்தைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்ததும், “ஏனுங் பஞ்சவர்ணம், உங்க தம்பி சட்டி பானை செய்யறானாமா?” என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்பார்கள். கொள்ளேகாலில் இருக்கும் எங்கள் அத்தை பொங்கலுக்குப் பானை வேண்டும் என்று ஆள்விட்டுக் கேட்டாள். இவன் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய கிண்ணம் அனுப்பிவைத்தான். அத்தை அதில் மண்ணைப் போட்டுக் குரோட்டன்ஸ் செடி வைத்துவிட்டாள். அதைப் போட்டோ பிடித்து அவனுக்கு அனுப்பினேன். நாள் முழுக்கச் சிரித்தானாம்.

நாங்கள் கர்நாடகத்தில் ஹனூர்ப் பக்கத்துக்காரர்கள். அப்பா ஆறுமுகசாமி மஞ்சள் போட்டுப் பிழைத்தவர். தம்பியை டிப்ளமோ படிக்கவைத்தார். அவனும் நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, தயாராகி வரும் சாமானில் கீறல் இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக் கழித்துக்கட்டும் வேலையில் வருஷக்கணக்காக இருந்தான். மைசூரில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நடந்த ஒரு மண் வகுப்புக்குப் பொழுதுபோகவில்லை என்று போனவன், சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தான். எழுந்திருக்கவே இல்லை. வேலையை விட்டுவிட்டேன் என்று அவன் வந்து சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“மண்ணுல கெடந்து நான் படற பாடு போதும்னுதான்டா உன்னையப் படிக்க வெச்சேன்” என்றார். அதோடு கையைக் கழுவிவிட்டார். நானும் என் பங்குக்குக் கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். திட்டினால் கேட்டுக்கொள்வான், நினைத்ததைச் செய்துவிடுவான்.

அந்த வகுப்பில் பார்த்த பெண்தான் கனகா. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். அவள் பேச்சில் பாதி கன்னடம், மீதி கெமிஸ்ட்ரி, நடுவில் கொஞ்சம் தமிழ் என்று நான் கிண்டல் செய்வேன். வகுப்புக்கு வந்தாளே தவிர அவளுக்கு மண் ஆகாது. நகக்கண்ணில் சேறு ஏறினால் முகத்தைச் சுளிப்பாள். அவளை இழுத்தது கிளேஸ், அதாவது பாத்திரத்தின் மேல் கண்ணாடி மாதிரிப் படியும் பூச்சு. எதை எதோடு கலந்தால் நெருப்பில் பச்சை வரும், எது நீலம் கொடுக்கும், எது ஏமாற்றும் என்று மணிக்கணக்கில் பேசுவாள். தம்பிக்கு அது ஒன்றும் புரியாது. அவள் பேசுவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பான். அதிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

கல்யாணம் முடிந்து மைசூர் விஜயநகரில் வீடு பார்த்தார்கள். நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கார் ஷெட்டுக்குள் சக்கரமும் கரண்டில் ஓடும் சூளையும் வந்தன. கார் தெருவில் நின்று வெயிலில் காய்ந்தது. முதல் வருஷம் இரண்டு பேரும் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை. விளிம்பு தடியாக இருக்கிறது என்று அவள் சொல்வாள். பூச்சு வழிகிறது என்று இவன் சொல்வான். ஒருநாள் சண்டை முற்றி, முடித்துவைத்திருந்த தட்டுகள் ஷெட்டுச் சுவரில் மோதி உடைந்தன. யார் எறிந்தது என்று இரண்டு பேருமே எனக்குச் சொன்னதில்லை. அன்றைக்குப் பேசி முடித்த ஒப்பந்தம்தான் கடைசிவரை நின்றது. மண் அவனுடையது. பூச்சும் நெருப்பும் அவளுடையது. அவன் என்ன மண் எடுக்கிறான், எப்படிப் பிசைகிறான் என்று அவள் கேட்கக் கூடாது. அவள் என்ன பூசுகிறாள், எத்தனை டிகிரியில் சுடுகிறாள் என்று அவன் வாயைத் திறக்கக் கூடாது. நல்ல ஒப்பந்தம் என்று நானும் அப்போது மெச்சிக்கொண்டேன். பல வீடுகளில் இந்த மாதிரி ஒன்று இருந்தால் பாதிச் சண்டை குறையுமே என்று என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னேன்.

தினமும் காலையில் அந்தத் தெருவில் பால்காரனுக்கு அடுத்தபடியாகக் கேட்கிற சத்தம் என் தம்பி மண் பிசைகிற சத்தம். அவன் எடுத்த மண் லாரியில் மூட்டை மூட்டையாக வரும். ஸ்டோன்வேர் என்பார்கள். கெட்டி மண், உள்ளே நறநறவென்று குருணை இருக்கும். பரோட்டா மாவைப்போல் அதை அடித்து, உருட்டி, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினால்தான் வழிக்கு வரும். அதை முடித்துச் சக்கரத்தில் வைத்தால், கண்மூடித் திறப்பதற்குள் கிண்ணமாகிவிடும். வேலை செய்யும்போது நாக்கு நுனியைக் கடித்துக்கொள்வான். பிடிக்காததை அந்த நிமிஷமே நசுக்கிப் போடுவான். யாராவது “ஆர்ட்டிஸ்ட்” என்று சொன்னால் எரிந்துவிழுவான். பக்கத்துக் கோகுலம் ஏரியாவில் யோகா படிக்க வந்த வெள்ளைக்காரர்கள் அவனுடைய கைப்பிடி இல்லாத கோப்பைகளை வாங்கிக்கொண்டு போனார்கள். காபிக்கடைக்காரர்கள் கைப்பிடி வைத்துக் கேட்டால் மட்டும் சண்டை வரும். “சூடு கையில தெரியட்டுமே, அதுக்கென்ன அவசரம்?” என்பான். கஸ்டமரிடம் இப்படிப் பேசிப் பிழைத்தவன் அவன் ஒருத்தன்தான்.

சூளையைத் திறக்கிற நாளில் மட்டும் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவன் ஷெட்டுக்கு வெளியே கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டியபடி நிற்பான். அவள் சூளையிலிருந்து முதல் பாத்திரத்தை எடுத்துவந்து அவன் கையில் வைப்பாள். அவன் தடவிப் பார்த்து என்ன நிறம் என்று சொல்ல வேண்டும். தப்பாகத்தான் சொல்வான். எனக்கு ஆரம்பத்தில் இதெல்லாம் கூத்தாகத் தெரிந்தது. பிள்ளை இல்லாத வீடு, இப்படியாவது விளையாடட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இதயம் நின்றுபோனது என்றார்கள். நாற்பத்தைந்துகூட நிரம்பவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். நோவு நொடி இல்லாமல், யாருக்கும் பாரமில்லாமல், அவனுக்கே தெரியாமல் போய்விட்டான் என்றார்கள். எனக்கு அதைக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கனகா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். “அவருக்கே தெரியாது அண்ணி. தெரிஞ்சிருந்தா எங்கிட்ட சொல்லாம இருப்பாரா? எனக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா?” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அதைச் சொல்லித்தான் அவள் எழுந்து நடமாடினாள் என்று நினைக்கிறேன்.

ஷெட்டின் பலகையில் அவன் கடைசியாக வனைந்த கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. காய்ந்து, சுடாமல், பச்சையாக. அவள் அவற்றைத் தொடவில்லை. தூசி தட்டக்கூட விடவில்லை. ஒரு வருஷம் அப்படியே இருந்தன. வருஷத் திவசம் முடிந்த பிறகு ஒருநாள் அவளே ஆரம்பித்தாள்.

“சுடப்போறேன் அண்ணி.”

“எதுக்கு கண்ணு? அப்படியே இருக்கட்டுமே. அவன் கை பட்டது பட்டபடியே இருக்கும்ல.”

“இருக்காது. பச்ச மண்ணு அது. ஒருநாள் மழத் தண்ணி தெறிச்சாலும் கரைஞ்சு சேறாயிடும். சூட்டுல வெச்சாதான் நிக்கும்.” பலகையின் பக்கம் திரும்பி, “அவர் செஞ்சதுல நான் முடிக்காம விட்டது ஒண்ணுகூட இல்ல. இத மட்டும் எப்படி விடறது? அதுல ஒண்ணுல நான் தினம் காபி குடிப்பேன். உங்களுக்கு ஒண்ணு. மிச்சம் எங்கேயும் போகாது, வீட்லயே இருக்கும்” என்றாள்.

அவளுக்கு இந்த உலகத்தில் அப்போது வேண்டியிருந்தது அந்தக் கிண்ணங்கள் முழுதாக வெளியே வருவது ஒன்றுதான். எனக்கும்தான்.

மண் பாத்திரத்தை இரண்டு முறை சுட வேண்டும். முதல் சூடு ஆயிரம் டிகிரி. அதில் செங்கல் மாதிரி ஆகிவிடும். பிறகு கிளேஸ் பூசி இரண்டாவது சூடு. அது ஆயிரத்து இருநூறைத் தாண்டிப் போகும். முதல் சூட்டில் எல்லாம் நல்லபடியாக வந்தன. வழக்கத்தைவிடக் கொஞ்சம் சிவப்பாக இருந்ததாம். அவர்களுடைய மண்ணும் செங்கல் நிறத்துக்குத்தான் வரும். ஒரு வருஷம் பலகையில் கிடந்ததால் இப்படி என்று அவள் விட்டுவிட்டாள். மண்ணைப் பற்றி அவள் கேள்வி கேட்டுப் பழக்கம் இல்லை. அவனுக்குப் பிடித்த சாம்பல் பச்சையைப் பூசினாள். அந்தப் பூச்சைக் கலக்க மட்டும் பல நாள் எடுத்துக்கொண்டாள். கூடவே, பூச்சைச் சோதித்துப் பார்க்கப் பல வருஷத்துக்கு முன் அவன் செய்துகொடுத்து மிச்சமிருந்த சின்ன ஓடுகள் சிலவற்றிலும் பூசிச் சூளையில் வைத்தாள்.

சூளையைத் திறக்கிற காலையில் எனக்குப் போன் வந்தது. போனேன். தலைக்குக் குளித்து, அவன் வாங்கிக்கொடுத்த ஊதாச் சேலையைக் கட்டியிருந்தாள். சேலையோடு அவளை ஷெட்டில் நான் பார்த்ததே இல்லை.

“அவர் நிக்கற எடத்துல நீங்க நில்லுங்க. கண்ண மூடிக்கோங்க” என்றாள்.

அறுபது வயதில் நான் தெருவில் கண்ணை மூடிக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று நின்றேன். உள்ளே சூளையின் மூடியைத் தூக்குகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. கை வலிக்க ஆரம்பித்தது. “கனகா?” என்றேன். கண்ணைத் திறந்து உள்ளே போனேன்.

சூளைக்குள் கிண்ணம் எதுவும் இல்லை. தட்டின் மேல் கருப்பும் பச்சையுமாக ஏதோ உருகி, கொப்பளித்து, பாகு காய்ச்சி ஊற்றின வெல்லம் மாதிரிப் படர்ந்து ஒட்டிக்கிடந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு விளிம்பு வளைந்து தெரிந்தது. அதை வைத்துத்தான் அது கிண்ணமாக இருந்தது என்று சொல்ல முடிந்தது.

“நான்தான் அண்ணி. சூடு ஏத்திட்டேன். நான்தான் கெடுத்துட்டேன்” என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

சூளை ரிப்பேர் பார்க்கிற ஹேமந்துக்கு நானே போன் செய்தேன். நல்ல பையன், உடனே வந்தான். கம்பிகளைப் பார்த்தான், மீட்டரைப் பார்த்தான். சூளைக்குள் சூட்டை அளக்க விரல் நீளத்தில் ஒரு கூம்பு வைப்பார்கள், சரியான சூடு வந்ததும் அது தலை சாயும். அதை எடுத்து வெளிச்சத்தில் காட்டினான். எவ்வளவு சாய வேண்டுமோ அவ்வளவுதான் சாய்ந்திருந்தது. அவள் வைத்த சின்ன ஓடுகளும் பளபளவென்று அழகாக வந்திருந்தன.

“மேடம், சூளைல தப்பில்ல. சூடும் கரெக்ட். இந்தக் கிண்ணத்தோட மண்ணுதான் வேற” என்றான்.

“என்ன பேசற நீ? அவர் ஆரம்பத்துலேந்து ஒரே மண்ணுதான்” என்று கனகா சீறினாள்.

ஹேமந்த் மண் மூட்டைகள் இருந்த மூலைக்குப் போய் ஒவ்வொன்றாக நகர்த்தினான். கடைசியாக லாரியில் வந்த மூட்டைகளில் ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அவற்றுக்குப் பின்னால், ஈரச் சாக்கில் சுற்றியிருந்து இப்போது காய்ந்துபோன வேறொரு மண் இருந்தது. அவன் அதைக் கிள்ளித் தேய்த்துப் பார்த்தான். குருணை இல்லாத, மாவு மாதிரியான மண். பூந்தொட்டி செய்கிற மண், ஆயிரத்துக்கு மேல் சூடு தாங்காது என்றான். இந்தப் பக்கத்தில் இப்படிச் சலித்து மண் கொடுப்பவர் நஞ்சன்கூடு ரோட்டில் ஜடையன் ஒருத்தர்தான் என்றும் சொன்னான்.

சேலையை மாற்றிக்கொள்ளக்கூட அவள் நிற்கவில்லை. என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஜடையன் நர்சரிகளுக்குத் தொட்டி செய்து கொடுக்கிறவர். எங்கள் ஊர்ப்பக்கம்தான், கன்னடம் கலந்த தமிழ் பேசினார். கனகா யாரென்று நான் சொன்னதும் கையிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

“சாரு போயிட்டார்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுதுங்க, அக்காவ்ரே. வந்து பாக்கலாம்னு நெனச்சேன். என்ன சொல்லிட்டு வர்றதுன்னு தெரியல.”

“அவர் இங்க வருவாரா?” என்றாள் கனகா.

“கடைசி ஒரு மாசமா வந்துட்டிருந்தாருங்க.”

“எதுக்கு?”

ஜடையன் என்னைப் பார்த்தார். சொல்லுங்க என்று தலையசைத்தேன்.

“அவர் மண்ணு கெட்டிங்க. பிசைய முடியலன்னாரு. மூச்சு வாங்கும் அவருக்கு, வண்டியிலேந்து எறங்கி இங்க வர்றதுக்குள்ளயே உக்காந்துடுவாரு. இதயம் பெருசாயிருக்குதாமா, பாரம் தூக்கக் கூடாது, அழுத்தி வேல செய்யக் கூடாதுன்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாராமா. என் மண்ணு மெத்துனு இருக்கும், மிதிச்சுப் பதம் பண்ணியே குடுத்துடுவேன். அப்படியே சக்கரத்துல வெச்சுக்கலாம். அதுக்குத்தாங்க.”

ஜடையனுக்கு நிறுத்தத் தெரியவில்லையா, அத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்ததை இறக்க வேண்டியிருந்ததா, தெரியாது. அவர் பேசிக்கொண்டே போனார்.

“நானே கேட்டேனுங்க. சாரு, இந்த மண்ணு உங்க வூட்டு சூட்டுக்கு ஆகாதே, உருகிடுமேன்னு. தெரியும் ஜடையான்னாரு. கனகாகிட்ட சொல்லணும், சூட்டக் கொறைச்சு வெக்கச் சொல்லணும். மண்ண மாத்திட்டேன்னு சொன்னா ஏன் மாத்தினேன்னு கேப்பா. அதச் சொன்னா அன்னையோட சக்கரத்த மூடிடுவா, ராத்திரி பகலா என் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருப்பான்னாரு. வர்றப்பல்லாம் இதே பேச்சுத்தாங்க. இன்னிக்கு சொல்லிடறேன்னுட்டுப் போவாரு. அடுத்த தடவ வந்தா, இன்னும் சொல்லலன்னு சிரிப்பாரு.”

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிற சிரிப்பு அது. அவன் உயிரோடு இருந்திருந்தால் அந்த இடத்திலேயே அவனை அறைந்திருப்பேன். என்றா மடையா, உனக்கு வாய் எதுக்கு என்று கேட்டிருப்பேன். ஊருக்கெல்லாம் கைப்பிடிக்காகச் சண்டை போடத் தெரிந்தவனுக்கு, கட்டினவளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. அவ்வளவு கோபம் வந்தது. கோபத்தோடேயே அழுகையும் வந்துவிட்டது.

கனகா குனிந்து, ஜடையன் பதம் பண்ணி வைத்திருந்த மண்ணில் கையை வைத்தாள். மண்ணைத் தொட்டால் முகம் சுளிப்பவள் மணிக்கட்டு வரை உள்ளே அமுக்கினாள்.

“இதுதானா?” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “நான் பிசைஞ்சு குடுத்திருப்பேனே அண்ணி. அந்தக் கெட்டி மண்ணையே பிசைஞ்சு குடுத்திருப்பேனே. எனக்கு மண்ணு பிடிக்காதுன்னா நெனச்சுட்டாரு? அவருக்காகச் செய்ய மாட்டேன்னா?” என்று கேட்டாள்.

ஜடையன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடிக்கவில்லை, கையையும் கழுவவில்லை. அப்படியே வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள்.

வழியெல்லாம் என் தோளில் வைத்திருந்த அவள் கையிலிருந்து மண் காய்ந்து என் ரவிக்கையில் உதிர்ந்துகொண்டே வந்தது. ஊருக்குள் நுழைந்து சிக்னலில் நின்றோம். முன்னால் பஸ், பக்கத்தில் ஆட்டோ, எல்லாரும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் என் காதருகே குனிந்தாள்.

“அவர் சொல்லணும் சொல்லணும்னு நெனச்ச நாள்ல எல்லாம் நான் வீட்லதான அண்ணி இருந்தேன்?”

“இருந்தே கண்ணு” என்றேன். “வீட்லதான் இருந்தே.”